கோபத்தில் கேன்சல் பண்ணாதீர்!

போன வருஷம் கார் இன்ஷூரன்ஸுக்கு 6,200 ரூபாய் கட்டினேன். இந்த வருஷம் 10,900 கேட்கிறார்கள். ஒரு கீறல்கூட விழாத கார். இதென்ன பகல் கொள்ளை?
– வாசகர், திண்டுக்கல்

கார் வாங்கி மூன்று வருஷம் முடிந்ததா? அப்படியென்றால் கொள்ளையில் பெரும்பங்கு சட்டப்படியானது. ஷோரூமில் சாவி கொடுத்த அன்றே மூன்று வருஷத்துக்கு, அடுத்தவருக்கு நேரும் பாதிப்புக்கான ‘தேர்ட் பார்ட்டி’ பணத்தையும் உங்களிடம் வாங்கிவிட்டார்கள். மாலை, லட்டு, போட்டோ அமர்க்களத்தில் நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். நடுவில் நீங்கள் கட்டியது உங்கள் வண்டியின் சேதத்துக்கான ‘ஓன் டேமேஜ்’ மட்டும். நாலாம் வருஷம் தேர்ட் பார்ட்டி திரும்ப வந்து உட்காரும். 1000 முதல் 1500 சி.சி. வரையுள்ள காருக்கு 2022 ஜூனில் அரசு வைத்த கட்டணம் 3,416 ரூபாய். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 4,031. இதில் கம்பெனியோடு பேரம் பேச முடியாது.

இந்த மூன்று வருஷ ஏற்பாட்டுக்குப் பின்னால் நம்ம ஊர்க்காரர் ஒருவர் இருக்கிறார். கோவை எலும்பு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காகத் தொடுத்த பொதுநல வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. 2018 செப்டம்பர் 1 முதல் புதுக் காருக்கு மூன்று வருஷம், பைக்குக்கு ஐந்து.

ஆக, உங்கள் காரும் அந்த ரகமென்றால், ஏறிய தொகையில் 4,031 போக மிச்சம் 669 ரூபாய். நீங்கள் சண்டை போட வேண்டியது அதற்குத்தான். கார் பழசாகிறது, நோ கிளெய்ம் போனஸ் என்ற தள்ளுபடி ஏறுகிறது. ஓன் டேமேஜ் இறங்குவதல்லவா முறை? கேட்காத ஆட்-ஆன் ஏதாவது பட்டியலில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்து பாலிசி ஏற்கெனவே உங்களுக்கு இருந்தால், அதற்கான கட்டணத்தையும் எடுக்கச் சொல்லலாம்.

ஆட்டோ டெபிட்டில் பணம் போய்விட்டது. கேன்சல் செய்தால் திரும்ப வருமா?
– வாசகி, ஈரோடு

வரும். 2024இல் இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. கொண்டுவந்த விதிப்படி, ஒரு வருஷ பாலிசியை எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. இந்தப் பாலிசியில் கிளெய்ம் வாங்காமல் இருந்தால், மிச்சமிருக்கும் நாளுக்கு ஏற்ப பணம் வரும். ஆனால் தேர்ட் பார்ட்டி இல்லாமல் வண்டியைத் தெருவில் விடமாட்டார்கள். வேறு கம்பெனியில் எடுத்த சான்றைக் காட்டச் சொல்வார்கள். இருப்பதை விட்டுப் பறப்பதைப் பிடிக்காதே என்பார்கள் அல்லவா? இங்கே பறப்பதைப் பிடித்து, பாலிசி நம்பர் கைக்கு வந்த பிறகுதான் இருப்பதை விட வேண்டும். இன்னொன்று, நடுவழியில் இறங்கினால் அந்த வருஷத்துக்கான போனஸ் ஏறாது.

ஒரு மாதம் இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஓட்டினால் என்ன ஆகிவிடும்?
– வாசகர், கரூர்

போலீஸிடம் மாட்டினால் 2,000 ரூபாய். மறுபடி மாட்டினால் 4,000. மூன்று மாதம் வரை உள்ளே வைக்கவும் சட்டத்தில் இடமுண்டு. இதெல்லாம் சில்லறை. யார் மீதாவது மோதினால், தீர்ப்பாயம் சொல்லும் இழப்பீடு மொத்தமும் உங்கள் வீட்டுப் பத்திரத்தைத் தேடி வரும்.

பம்பர் கீறலுக்கு 2,800 ரூபாய் கிளெய்ம் வாங்கினேன். இந்த வருஷம் பிரீமியம் 4,000 ஏறிவிட்டது. கம்பெனி பழி வாங்குகிறதா?
– வாசகர், நாகர்கோவில்

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்! கிளெய்ம் இல்லாத வருஷங்களுக்கு 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று போனஸ் படியேறும். ஒரே கிளெய்மில் உச்சியிலிருந்து தரைக்கு. நானும் விழுந்தவன்தான். எங்கள் அபார்ட்மென்ட் தூணுக்கும் என் இடது கதவுக்கும் நடந்த உரசலில், டிங்கரிங் பில்லை எடுத்துக்கொண்டு பெருமையாகப் போனேன். சர்வேயர் கதவில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, “சார், இது உங்க பணம்தான், சுத்தி வருது” என்றார். அன்றைக்குப் புரியவில்லை. ரினியூவலுக்குப் புரிந்தது.

“நாளைக்கே முடியுது சார், இன்னிக்கே போட்ருங்க” என்று நெருக்குகிறார்களே?
– வாசகர், தஞ்சாவூர்

முடியும் தேதி போன வருஷமே பாலிசியில் அச்சாகிவிட்டது. அவருக்கும் தெரியும். ஒரு மாதம் முன்பே நாலு இடத்தில் விலை கேளுங்கள். போனஸ் உங்களுடையது, கம்பெனி மாறினாலும் கூடவே வரும். தேதி தவறினால் 90 நாள் வரை போனஸ் நிற்கும். ஆனால் அந்த நாட்களில் வண்டியை எடுக்கக்கூடாது. புதுப்பிக்கும்போது வந்து வண்டியையும் பார்ப்பார்கள்.

பிரீமியத்தைக் குறைக்க, தண்ணீர் புகுந்து என்ஜின் கெட்டால் பணம் தரும் என்ஜின் புரொடெக்ட்டைக் கழற்றிவிடலாமா?
– வாசகர், வேளச்சேரி

எந்த ஊரில் இருந்துகொண்டு கேட்கிறீர்கள்? 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததுமே மேம்பாலத்தில் கார்களை வரிசை கட்டி நிறுத்திய ஊர்!

கம்பெனி பதிலே சொல்லவில்லை. எங்கே போவது?
– வாசகி, விருதுநகர்

எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றால் சென்னையில் இருக்கும் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன். கட்டணம் இல்லை, வக்கீலும் வைக்க வேண்டாம்.

ஏஜென்ட் என் மைத்துனர். வேறு கம்பெனிக்கு மாறலாமா?
– பெயர், ஊர் வேண்டாம்

பாலிசி என்றைக்கு முடிகிறது என்று எழுதவில்லையே? தை மாதம் என்றால் தாராளமாக மாறுங்கள். தீபாவளிக்கு முன்னால் என்றால் இன்னும் ஒரு வருஷம் பொறுங்கள்.