வலி போனவர்களை வரவழைப்பவர்

பல் டாக்டர் ஆவதற்கு நாலு வருடம் படிக்க வேண்டும், மேற்கொண்டு ஒரு வருடம் பயிற்சி எடுக்க வேண்டும். அதே டாக்டரின் கிளினிக்கில் முன் மேசைக்குப் பின்னால் உட்கார அரை நாள் போதும் என்பது பொதுவான நம்பிக்கை. டாக்டருக்கும் அதே நம்பிக்கைதான். கல்யாணம் நிச்சயமாகி வேலையை விட்டுப் போகிற பெண், சாவிக்கொத்து, அப்பாயின்ட்மென்ட் நோட்டு, கண்ணாடி விரிசல் விட்ட கிளினிக் செல்போன் மூன்றையும் புதிதாக வந்தவரிடம் ஒப்படைக்கிறாள். "போன் அடிச்சா எடுங்க. பெல் அடிச்சா அடுத்த ஆளை உள்ள அனுப்புங்க. அவ்வளவுதாங்க்கா." பயிற்சி முடிந்தது.

திருச்சி தில்லைநகரின் எந்தக் குறுக்குத் தெருவிலும் இந்த ரிசப்ஷன் அக்காவைப் பார்க்கலாம். மற்ற ஊர்களிலும் இருக்கிறார். மாடிப்படி ஏற வேண்டும், அவ்வளவுதான்.

அக்காவுக்கு முதல் வாரம் கணக்குப் பாடத்தில் கழியும். "நாலு ஆறு வந்தாச்சா?" என்று டாக்டர் உள்ளேயிருந்து குரல் கொடுப்பார். அக்கா ஹாலில் 46 வயது மதிக்கத்தக்க ஆளைத் தேடுவார். வாயை நாலு பாகமாகப் பிரித்து, வலது மேல் 1, இடது மேல் 2, இடது கீழ் 3, வலது கீழ் 4 என்று வைத்து, ஒவ்வொன்றிலும் நடுப்பல்லிலிருந்து 8 வரை எண்ணிக்கொண்டு போனால், 46 என்பது வலது கீழ்க் கடவாய்ப் பல் என்று பிறகுதான் தெரியவரும். ஒரு மாதத்தில் எண்கள் மனப்பாடம் ஆகிவிடும், மனிதர்கள் மறந்துபோவார்கள். காந்தி மார்க்கெட்டில் எதிரே வருகிற பெரியவர் கும்பிட்டால் பெயர் நினைவுக்கு வராது. "36. கேப் பணம் பாதி பாக்கி" என்பது மட்டும் பளிச்சென்று வரும்.

அடுத்தது போன். "ஒரு பல்லு புடுங்க எவ்வளவு?" என்று கேட்பவருக்கு, "டாக்டர் பாத்துட்டுத்தான் சொல்வாங்க" என்பது ஒன்றே பதில். இதைக் கெஞ்சலாக, கண்டிப்பாக, வருத்தமாக, சிரித்தபடி சொல்லப் பழக வேண்டும். எதிர்முனை விடாது. "நான்தான் சொல்றேனே மேடம், மேல் பல்லு, நல்லா ஆடுது, கையாலேயே வந்துடும்." அப்படியானால் கையாலேயே எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே என்று அக்கா கேட்க மாட்டார். அடுத்த கேள்வியும் அவருக்குத் தெரியும். "மேல் பல்லு எடுத்தா கண்ணு மங்கிடும்ங்கிறாங்களே?" பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. டாக்டர் படம் போட்டு விளக்கியும் நம்பாத ஜனங்கள், "எங்க அம்மாவுக்கு எடுத்தாங்க, இப்பவும் ஊசியில நூல் கோக்கிறாங்க" என்று அக்கா சொன்னதும் நம்பிவிடுவார்கள்.

நோயாளியின் உடம்பைப் பற்றி எழுதி வாங்கும் படிவத்தில்தான் அக்காவின் கெட்டிக்காரத்தனம் வெளிப்படும். "சுகர், பிரஷர் ஏதாவது இருக்கா?" என்று கேட்டால் "ஒண்ணும் கெடையாதும்மா" என்பதே தமிழ்நாட்டுப் பதில். அக்கா கேள்வியை மாற்றிப்போடுவார்: "காலையில என்னென்ன மாத்திரை போட்டீங்க?" உடனே மடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பை அவிழும். சுகருக்கு இரண்டு, பிரஷருக்கு ஒன்று, "ரத்தம் கட்டாம இருக்க ஒரு குட்டி மாத்திரை, அவ்வளவுதான்." பல் பிடுங்குவதற்கு முன் டாக்டருக்கு முக்கியமாகத் தெரிய வேண்டியதே அந்தக் குட்டி மாத்திரைதான்.

உள்ளே நிமிடத்துக்கு 3 லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும் கருவி ஊளையிடத் தொடங்கியதும், வெளியே அக்கா டிவி சத்தத்தைக் கூட்டுவார். சீரியலில் மாமியார் கத்துகிறாரா, உள்ளே இருப்பவர் கத்துகிறாரா என்று தெரியாத அளவில் நிறுத்த வேண்டும். பணம் வாங்குவதற்கும் நேரம் உண்டு. மரத்துப்போன உதடும் கடித்த பஞ்சுமாக வெளியே வருபவரால் பேரம் பேச முடியாது. "அரை மணி நேரம் பேசக் கூடாது, துப்பக் கூடாது" என்று முதலில் சொல்லிவிட்டு, பிறகு பில்லை நீட்டுவார் அக்கா. கூட மனைவி வந்திருந்தால் இந்த வித்தை பலிக்காது.

அப்பாயின்ட்மென்ட் நோட்டில் சில கட்டங்கள் எப்போதும் காலி. செவ்வாய்க்கிழமை 3 முதல் 4.30, வெள்ளிக்கிழமை 10.30 முதல் 12. ராகு காலத்தில் வாயைத் திறக்க எவரும் சம்மதிப்பதில்லை. ஆனால் ராத்திரி முழுக்கக் கிராம்பைக் கடித்தபடி விழித்திருந்தவர் எந்தக் காலமும் பார்க்க மாட்டார். அக்கா ஷட்டரைத் தூக்கும்போது அவர் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பார்.

இந்த வேலையின் மொத்த ரகசியமும் அந்தப் படிக்கட்டில் இருக்கிறது. வலி இருக்கும்வரை யாரையும் கூப்பிட வேண்டாம். ரூட் கேனலில் முதல் தடவை பல்லைத் திறந்து, சுத்தம் செய்து, மருந்து வைத்துத் தற்காலிகமாக அடைப்பார் டாக்டர். பெரும்பாலும் அன்றோடு வலி போய்விடும், வலியோடு ஆளும் போய்விடுவார். மிச்ச வேலை பாதியில் நிற்கும். கேப் போடாமல் விட்டால் அந்தப் பல் ஒருநாள் முறுக்கைக் கடிக்கும்போது பிளந்துகொள்ளக்கூடும். அக்கா போன் செய்வார். ஊரில் திருவிழா, மச்சினன் வீட்டுக் கிரகப்பிரவேசம், ஆடி மாதம், பையனுக்குப் பரீட்சை என்று ஒவ்வொருவரிடமும் ஒரு காரணம் தயாராக இருக்கும். "அடுத்த வாரம் கட்டாயம் வர்றேன் மேடம்." அந்த வாரம் எந்தக் காலண்டரிலும் இல்லை.

லேபிலிருந்து வந்த கேப்புகள் பெயர் எழுதிய சின்னப் பெட்டிகளில் மேசை டிராயரில் கிடக்கும், திருவிழாவில் தொலைந்த பிள்ளைகள் போல. அவற்றின் சொந்தக்காரர்களை வரவழைக்க அக்கா தானாகவே ஒரு வழி கண்டுபிடித்தார். "ட்ரீட்மென்ட் பாக்கி இருக்கு" என்று இப்போது அவர் சொல்வதில்லை. "சார், உங்க பல்லு வந்திருக்கு" என்பார். கூரியர் வந்ததாகக் கேள்விப்பட்டவர்போல மறுநாளே வந்து நிற்பார்கள்.

போன மாதம் அக்காவுக்கே கடவாய்ப் பல்லில் வலி. ராத்திரி ஒன்பது மணிக்கு, கடைசி நோயாளி போன பிறகு, டாக்டரே திறந்து மருந்து வைத்தார். வலி நின்றது. மிச்ச வேலைக்கு, யாரும் வராத செவ்வாய்க்கிழமை 3 மணிக் கட்டத்தில் அக்கா தன் கையாலேயே தன் பெயரை எழுதிக்கொண்டார். செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டு பெல் அடித்தார். யாரும் உள்ளே போகவில்லை. இரண்டாம் முறை அடித்ததும் கதவைக் கொஞ்சமாகத் திறந்து அக்கா தலையை மட்டும் நீட்டினார்.

"இப்ப ராகு காலமாச்சே டாக்டர். அடுத்த வாரம் கட்டாயம் பாத்துக்கலாம்."