ஆற்றோரத் தோட்டத் திணையியல்

மலேசியாவின் லிங்கி ஆற்றங்கரைத் தோட்டம் எந்தத் திணை என்பதில் அறிஞர்களிடையே இன்னும் முடிவு காணப்படவில்லை. ஆறு இருக்கிறது, நிலம் தாழ்வு, ஆகவே மருதம் என்பார் ஒரு சாரார். மருதம் என்றால் வயல் எங்கே, எருமை எங்கே, தலைவன் ஊடல் மூட்டிவிட்டுப் போக வேறு தெருதான் எங்கே என்று மறுப்பார் மற்றொரு சாரார். மரம் அடர்ந்திருப்பதால் முல்லை எனலாம். ஆனால் முல்லைக்காடு தானாக வளர்ந்தது. இது கயிறு பிடித்து நெரை நெரையாக நட்டது. கழிமுகம் பக்கம், ஆற்றில் முதலை உண்டு, எனவே நெய்தலின் சாயல் என்பாரும் உளர். முதலையைக் கண்டவர் நின்று திணை ஆராய்வதில்லை ஆதலின் அக்கொள்கை வளரவில்லை. ஆறாந்திணை என்று வைத்துவிடலாமென்றால், ஈழத்து எழுத்தாளர்கள் பனி நிலத்துக்கு அந்த எண்ணை எடுத்துக்கொண்டார்கள். ஆகவே இதனை ஏழாம் எண்ணில் இருத்தி, முதல், கரு, உரி என மூன்றாகப் பகுத்து ஆராய்வாம்.

முதற்பொருளில் நிலமாவது, சிரம்பான் பக்கம் இறங்கி, ரந்தாவ் வழியே ஓடி, ரெம்பாவ் ஆற்றைச் சேர்த்துக்கொண்டு குவாலா லிங்கியில் கடலில் விழும் லிங்கி ஆற்றின் கீழ்ப்பகுதி. இன்று இங்கே ஆள் அருகிக் கிடப்பதைப் பார்த்து, இது என்றைக்குமே இப்படித்தான் என்று நினைப்பது பிழை. பெங்காலான் கெம்பாசில் 1467ஆம் ஆண்டைச் சொல்லும் கல்வெட்டு நிற்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில், சிரம்பானை உள்ளடக்கிய சுங்கை ஊஜோங்கின் ஈயம் பெரும்பாலும் இந்த ஆற்றில்தான் படகேறிப் போனது. திருப்பத்துக்குத் திருப்பம் ஒரு தலைவர் உட்கார்ந்து வரி வாங்கினார். அந்த வரித் தகராற்றுக்குள் மூக்கை நுழைத்துத்தான் 1874இல் வெள்ளைக்காரன் சுங்கை ஊஜோங்கில் காலூன்றினான். 1891இல் சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சனுக்கு ரயில் ஓடியதும் ஈயம் தண்டவாளத்துக்கு மாறியது. ஆற்றுக்கு வேலை போயிற்று. இந்த நிலத்தில் முதன்முதலாக வேலை இழந்தது ஆறுதான் என்பது குறிக்கத்தக்கது.

பொழுதாவது, வைகறை, விடியல் என்று முன்னோர் வகுத்தது இங்கே செல்லாது. கித்தா எனும் ரப்பர் மரம் வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால் கொடுக்கும். ஆகவே பெரட்டு எனும் காலை ஆள்கணக்குக்கு மணி அடித்தால் பொழுது பிறந்தது, பால் நிறுத்து முடிந்தால் பொழுது சாய்ந்தது. இடைப்பட்டதெல்லாம் மழையைப் பொறுத்தது.

மழை நான்கு வகைப்படும். பெரட்டுக்கு முந்திய மழை முதலாவது. பட்டை ஈரம், உளி வைக்க முடியாது. ஆண்கள் திண்ணையில் குந்தி வானத்தைத் திட்டுவர். பெண்கள் எழுந்து போய் அரிசி டின்னைத் திறந்து பார்ப்பர். இரண்டாவது, மரம் வெட்டி முடித்தபின் பால் எடுக்குமுன் பெய்வது. நானூறு ஐந்நூறு மரம் வெட்டிவிட்டு வந்து பசியாற உட்கார்ந்திருக்கும்போது பொத்துக்கொண்டு ஊற்றும். மங்கில் தண்ணீர் நிரம்பிப் பால் கரைந்து, மரத்தடியில் வெள்ளை வெள்ளையாக வழிந்து காணுக்குள் போகும். வேலை செய்தது மெய், கணக்கில் ஏறாததும் மெய். இந்த மழைக்குத் தோட்டத்தார் வழங்கும் பெயர் பல. ஒன்றும் அச்சேறத் தக்கதன்று. மூன்றாவது, பால் நிறுத்து, காண்டா வாளியைக் கழுவிக் கவிழ்த்தபின் வருவது. இதை மட்டுமே நல்ல மழை என்பர். நான்காவது வராத மழை. வானம் கறுத்ததை நம்பி மண்டோர் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். பத்து மணிக்குப் பளீரென்று வெயில் அடிக்கும். மண்டோருக்கும் மேகத்துக்கும் ஏதோ உறவு உண்டென்பது பழைய ஐயம்.

செம்பனை வந்தபின் இந்நான்கும் வழக்கு வீழ்ந்தன. கித்தா மரத்தை ஒருநாள் விட்டு ஒருநாள் போய் வெட்ட வேண்டும். செம்பனைக் குலையைப் பத்துப் பதினான்கு நாளுக்கு ஒருமுறை இறக்கினால் போதும். மரத்துக்கு ஆள் குறைந்தது, ஆள் குறையவே லயத்தில் விளக்கு குறைந்தது. ஆள் அருகியதற்குத் தண்ணீரைக் குறை சொல்வாரும், காட்டைக் குறை சொல்வாரும், இளைஞரைக் குறை சொல்வாரும் உளர். மரத்தைக் கேட்டால் அது உண்மையைச் சொல்லும்.

இனிக் கருப்பொருள். தெய்வம் மாரியம்மன், எல்லையில் முனியாண்டி. கோயில் நிற்கும் மண் பெரும்பாலும் கம்பெனிப் பட்டாவில் இருப்பதால் ஆத்தாளையும் குடியிருப்போர் வரிசையில் வைத்தல் முறை. புள் ஆந்தை. செம்பனையில் எலி பிடிக்க ஆந்தை வளர்ப்பது இந்நாட்டு வழக்கம். அதற்குக் கம்பம் நட்டு, மேலே மரப்பெட்டியில் வீடு கட்டிக் கொடுப்பார்கள். ஓய்வு வயது சொல்லாமல், காலி செய்யக் கடிதம் கொடுக்காமல் கம்பெனி கட்டித் தரும் வீடு அது ஒன்றே. ஆற்றில் இறால் உண்டு. சுங்கை தீமுன் பக்கம் கரையோர மரங்களில் மின்மினி கூட்டம் கூட்டமாக மினுங்கும். பட்டணத்தார் காசு கொடுத்துப் படகேறிப் பார்ப்பர். தோட்டத்துக்காரர் அதைக் காசின்றிப் பார்த்ததனால் பார்த்ததாகவே கணக்கில்லை. நீர் லிங்கி ஆறேதான். சுத்திகரித்துப் போர்ட்டிக்சனுக்குக் குழாயில் போகிறது. கடற்கரை விடுதியில் ஷவரைத் திறப்பவர் நம் ஆற்றில் குளிக்கிறார் என்பதை அறியார்.

மாந்தர் ஐவகையர். செக்ரோல் எனும் தொழிலாளர் பேரேட்டில் பெயர் உள்ளவர்; பெயர் உள்ளவரின் வீட்டில் இருப்பவர்; தீமிதிக்கு மட்டும் காரில் வந்து, கோழி பிரியாணி சாப்பிட்டு, "இந்தக் காத்து அங்க எங்க கிடைக்குது" என்று சொல்லி இருட்டுமுன் கிளம்புபவர்; சிரம்பானில் குடியேறிப் பல காலமாகியும் வாக்காளர் பட்டியலில் மட்டும் இங்கே வாழ்பவர். ஐந்தாம் வகையினர் வங்காளதேசத்தாரும் இந்தோனேசியரும். இவர்கள் பாய், பாத்திரம், கடன் ஆகிய மூன்றோடு வந்து, நம் தாத்தா இறங்கிய அதே லயத்தில் இறங்கியிருக்கிறார்கள். இவர்களை வேற்றினம் என்று ஒதுக்கும் உரையாசிரியர் தம் குடும்ப வரலாற்றை மறந்தவர் என்க.

பள்ளியை எதில் அடக்குவது? 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, பள்ளி வயதில் பத்துப் பிள்ளை இருந்தால் தோட்டம் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும். எனவே அந்நாளில் ஒன்பது பிள்ளைகள் ஊர், பத்துப் பிள்ளைகள் கல்வி. இந்நாளில் 150 மாணவருக்குக் கீழே போனால் குறைந்த மாணவர் பள்ளி என்று அமைச்சே வகை பிரித்து வைத்திருக்கிறது. நமக்கு வேலை மிச்சம். நெகிரி செம்பிலானில் அறுபதுக்குமேல் தமிழ்ப்பள்ளிகள். பாதிக்குமேற்பட்டவற்றின் பெயரில் 'லாடாங்', அதாவது தோட்டம், என்ற சொல் உண்டு. தோட்டம் வீடமைப்பாகிப் பள்ளி பட்டணத்துப் பக்கம் பெயர்ந்த பின்னும் அந்தச் சொல் பெயர்ப்பலகையில் ஒட்டிக்கொண்டு போவதுண்டு.

வருவோரை ஹார்ன் ஓசையால் பகுப்பர். இரண்டு குறில் மீன்காரர், ஒரு நெடில் காய்கறி லாரி. ரொட்டிக்காரர் மணி அடிப்பார். மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் கண்ணாடிப் பெட்டி, இருபுறமும் முறுக்குப் பாக்கெட் தொங்கும். கடன் 555 நோட்டில் ஏறும். "அக்கா, போன மாசமே பாக்கி நிக்குது" என்பார் அவர். "எங்க ஓடிறப் போறேன், இந்தச் சடக்கு ஒண்ணுதான இருக்கு" என்று பெங்காலி ரொட்டியைக் கையில் வாங்கிக்கொள்வார் அக்கா. தேர்தலுக்கு வருவோர் ஹார்ன் அடிப்பதில்லை, ஒலிபெருக்கி அடிக்கும்.

உரிப்பொருள் யாது? புணர்தல், பிரிதல் முதலியன எல்லா நிலத்துக்கும் பொது. இந்நிலத்துக்குச் சிறப்பாக உரியது இரவல். வீடு இரவல், சடக்கு இரவல், கோயில் மண் இரவல், விளையாட்டுத் திடல் இரவல். அறுபது வயதில் செக்ரோலிலிருந்து பெயர் எடுபட்டால் நாற்பது ஆண்டு மெழுகிய தரையும் கைவிட்டுப் போகும். இதைத் தடுக்கக் கண்ட வழி ஒன்றே. "தம்பி, நீ போய் ஆபீசுல பேரு குடுத்துட்டு வாடா, வீடாச்சும் நிக்கும்" என்று தாய் சொல்வாள். பாலிடெக்னிக் முடித்த பையன் கழியில் கட்டிய அரிவாளோடு குலை வெட்டப் போவான். அவன் வேலைக்குப் போனான் எனல் பொருந்தாது. வாடகை கட்டப் போனான் என்க. ஊரில் மிஞ்சியிருக்கும் இளைஞர் எத்தனை பேர் என்று எண்ணுவோர், அதில் வீட்டைக் காக்க மிஞ்சியவர் எத்தனை பேர் என்றும் எண்ணுதல் வேண்டும். இங்கிருந்து எழும் நூல்கள் எல்லாம் இளைஞர் ஓடிப்போவதைப் பற்றியே பேசுகின்றன. ஓட முடியாமல் நிற்பவரைப் பற்றி ஓர் அதிகாரம்கூட இல்லை.

புறனடை. கைப்பேசி அலை தோட்டம் முழுவதும் ஒன்றிரண்டு கோட்டோடு நின்றுவிட, ஆற்றுப் பாலத்தின் நடுவில் மட்டும் முழுதாக ஏறும். ஆகவே மாலை ஆறு மணிக்கு மேல் தாத்தா, பேரன், வங்காளதேசத்தார், விடுமுறைக்கு வந்தவர் எல்லாரும் அப்பாலத்தில் தோளோடு தோள் இடிபட்டு நிற்பர். மக்கள் அருகிய ஊர் என்று மேலே சொன்னது அந்த நேரத்துக்குப் பொருந்தாது. ரொட்டிக்காரர் இதை நமக்கு முன்பே ஆராய்ந்து அறிந்து, லயத்துக்கு வருவதை விட்டுப் பாலத்து முனையில் வண்டியை நிறுத்தத் தொடங்கிவிட்டார். பாக்கி வசூலும் அங்கேயே.