வெறுஞ்சோற்று ரசிகர்

இலையில் சோறு விழுந்ததும் குழம்பு வாளியைக் கையமர்த்திவிட்டு, நாலு பருக்கையை எடுத்து விரலிடுக்கில் நசுக்கிப் பார்ப்பவர் வெறுஞ்சோற்று ரசிகர். பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டிய ஆண். அடுப்பங்கரைக்குள் தண்ணீர் குடிக்க மட்டும் போவார்.

இவர்களில் இரண்டு கட்சி உண்டு. உதிரிக் கட்சிக்காரருக்குப் பருக்கையோடு பருக்கை ஒட்டக் கூடாது. பழைய புழுங்கல் அரிசியை உலை கொதித்த பின் போட்டு, பதம் பார்த்துக் கஞ்சி வடித்தால்தான் அது சோறு. குக்கரில் வைத்தது களி. குழைவுக் கட்சிக்காரருக்கோ பருக்கை தனித்தனியாக நின்றாலே 'வேகவே இல்லை'. இரு கட்சியும் ஒரே வீட்டில் இருந்தால், மேல்சோறு ஒருவருக்கு, அடிச்சோறு மற்றவருக்கு என்று சமாளிப்பார்கள்.

சண்டைக்கு மூலகாரணம் அமைலோஸ் என்னும் மாவுப்பொருள். அது மிகுந்த அரிசி உதிரும், குறைந்தது ஒட்டும். அறுத்த புதிதில் குழைகிற நெல்லும், சில மாதம் இருப்பில் கிடந்தால் அதிகத் தண்ணீர் இழுத்துப் பொலபொலவென்று வேகும். இந்த விளக்கத்தைக் கேட்டு எந்தக் கட்சிக்காரரும் கட்சி மாறியதில்லை.

ரசிகரின் அடுத்த அடையாளம் பரம்பரைப் பெருமை. 'எங்க தாத்தா காலத்துலேர்ந்து பொன்னிதான்' என்பார். பொன்னியின் மூலமான மசூரி, தைவான் ரகம் ஒன்றையும் மலாயா ரகம் ஒன்றையும் ஒட்டுச் சேர்த்து மலேசியாவில் உருவானது; அதிலிருந்து தேர்ந்தெடுத்த மேம்படுத்தப்பட்ட வெள்ளைப் பொன்னி தமிழ்நாட்டில் வெளியானது 1986இல். போதாக்குறைக்கு, 'டீலக்ஸ் பொன்னி' என்ற பெயரில் கடையில் கிடைப்பது பெரும்பாலும் ஆந்திரத்துப் பாபட்லாவில் உருவான சம்பா மசூரி. மூட்டையின் மேல் பொன்னி என்று அச்சடித்திருக்கும்வரை, கண்ணை மூடிக்கொண்டு மென்று 'இதுதான் பொன்னி' என்று அவர் சான்றளிப்பார்.

கல்யாணப் பந்தியில் இவருக்குச் சாம்பார், ரசம், பாயசம் எதுவும் பொருட்டல்ல. 'சோறு ஒரு கொதி கூடிப்போச்சு' என்ற தீர்ப்பைக் கை கழுவுமிடத்தில் நின்று வழங்குவார். பாராட்டு அரிது. 'பரவாயில்லை' என்பதே உச்ச விருது. வாய் திறக்காமல் மறுசோறு வாங்கிக்கொண்டால் சமையல்காரருக்கு மோட்சம்.

இதற்குக் கைகண்ட வைத்தியம் ஒன்றுதான்: ஒரு நாள் அவரையே வடிக்கச் சொல்வது. மூடித்தட்டு நழுவி, பாதிச் சோறு கஞ்சியோடு தொட்டியில் இறங்கிய பின், ஒரு வாரத்துக்கு எந்தச் சோறும் அவருக்குப் பதமாகவே இருக்கும்.