கம்ப்யூட்டர் மாமா

மயிலாப்பூர் மாட வீதிகளைச் சுற்றியுள்ள எந்த அபார்ட்மென்ட்டை எடுத்துக்கொண்டாலும் அதில் ஒரு கம்ப்யூட்டர் மாமா இருப்பார். தி. நகரிலும் அடையாறு காந்தி நகரிலும் அதே மாமாதான், மாடி மட்டும் வேறு. பேங்க்கிலோ ஏஜி ஆபீஸிலோ முதல் கம்ப்யூட்டர் வந்து இறங்கியபோது அதற்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர். ரிட்டையர் ஆன பிறகு அந்த அனுபவத்தை மூன்று மாடிக்கும் இலவசமாக விநியோகிக்கிறார். ஸ்க்ரூ டிரைவர்கள் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருக்கும். கழற்றிய ஸ்க்ரூக்கள் காபி டபராவில் விழும். 'ஹார்ட் டிஸ்க் தெரியலை மாமா' என்று யாராவது சொன்னால் போதும், பனியன் மேல் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அவரைக் கேலி செய்யாத பேரப்பிள்ளைகள் கிடையாது. கேலி செய்யலாம்தான், ஆனால் எதைக் கேலி செய்வது என்று பார்த்துச் செய்ய வேண்டும். அவர் வாய் சொல்லும் காரணங்கள் பெரும்பாலும் அபத்தம். அவர் கை செய்யும் காரியங்கள் பெரும்பாலும் சரி.

கேபினெட்டைத் திறந்ததும் கேபிளைப் பிடுங்கித் திரும்பச் சொருகுவார். "சென்னை வெயில்ல வயர் விரிஞ்சுடும்டா அம்பி" என்பது விளக்கம். வயர் விரிவதெல்லாம் சும்மா. ஆனால் பழைய ஐடிஇ கேபிளுக்கு 40 பின், பிடித்தால் விடாது. அதற்குப் பின் வந்த சாட்டா கேபிளில் டேட்டாவுக்கு 7, பவருக்கு 15, கொக்கி இல்லாத ரகமென்றால் கேபினெட்டை நகர்த்திப் பெருக்கினாலே நெகிழ்ந்துவிடும். டிஸ்க் உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும், மதர்போர்டுக்கு மட்டும் தெரியாது. அடுத்து சிஆர்2032 என்ற 3 வோல்ட் பட்டன் பேட்டரியை மாற்றுவார். "ஞாபகம் போயிடுத்து, வயசாச்சோல்லியோ?" அந்த பேட்டரி தீர்ந்தால் பயாஸ் செட்டிங்குகள் பழைய நிலைக்குத் திரும்பும், டிஸ்க்கோடு பேசும் முறை ஏஹெச்சிஐ என்றிருந்தது ரெய்ட் என்று மாறிவிட்டால், டிஸ்க் நன்றாக இருந்தும் விண்டோஸ் எழுந்திருக்காது. செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்குக் கூப்பிட்டால் ராகு காலம். "ப்ளக்கைப் பிடுங்கி வை, நாலரைக்கு வரேன்." சர்வீஸ் சென்டர்காரர்களும் இதைத்தான் சொல்கிறார்கள், ராகுவை மட்டும் விட்டுவிட்டு: கரண்ட்டைத் துண்டித்து, மிச்ச மின்சாரம் வடிந்தபின் போட்டால் போர்டு புதிதாக ஆரம்பிக்கும். அப்புறம் நடராஜ் ரப்பர். எம்.2 டிஸ்க்கின் மஞ்சள் பட்டைகளை அதனால் தேய்ப்பார். முலாம் போய்விடும் என்று சுத்தவாதிகள் பதறுவார்கள். வருஷத்துக்கு ஒரு தரம் மெதுவாகத் தேய்ப்பதில் குடி முழுகாது, விரல் எண்ணெயும் அழுக்கும் போகும்.

ரிச்சி தெருவுக்கு எடுத்துப்போனால் பத்து நிமிஷ வேலை, இவருக்கு ஒரு சாயங்காலமும் இரண்டு காபியும் எதற்கு என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. அங்கே கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் வரிசையில் எட்டுப் பேர் நிற்கும் கடைக்காரருக்குக் கேபிள் கேபிளாகச் சோதிப்பதைவிடப் புது எஸ்எஸ்டி போட்டுக் கொடுப்பது லாபம். 'தெரியவில்லை'யும் 'போய்விட்டது'ம் அவர் கணக்கில் ஒன்று. வீட்டுக்காரருக்கு அப்படியில்லை, அப்பாவின் சஷ்டியப்த பூர்த்தி போட்டோ அந்தப் பழைய டிஸ்க்கில்தான் இருக்கிறது, வேறெங்கும் இல்லை. மாமாவிடம் விற்க டிஸ்க் கிடையாது, இருப்பதையே எழுப்பியாக வேண்டும்.

இன்னொரு குற்றச்சாட்டு கனமானது. மாமா கையால் செத்த டிஸ்க்குகளும் உண்டு. 'டிக் டிக்' என்று சத்தம் வந்தால், மிருதங்கத்துக்குச் சுருதி பார்ப்பவர்போல் காதை வைத்துக் கேட்டுவிட்டு விரல் முட்டியால் தட்டுவார். "ஊசி மாட்டிண்டிருக்கு, ஒரு தட்டுத் தட்டினா விட்டுடும்." அந்தக் காலத்து டிஸ்க்கில் அப்படி விட்டதுண்டு. இப்போதைய டிஸ்க்கில் ஹெட் தட்டிலிருந்து சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. அந்தச் சத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு முறை ஆன் செய்வதும் தட்டில் கீறல் போடும் அபாயம். விண்டோஸ் 'இனிஷியலைஸ் செய்யவா' என்று கேட்டால் "கேக்கறதே, குடுத்துடுவோம்" என்று ஓகே கொடுப்பார். அது பார்ட்டிஷன் டேபிளைப் புதிதாக எழுதும். ஃபைல்கள் உள்ளேயே கிடக்கும், போகும் வழி அழிந்திருக்கும். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் கோட்டூர்புரம் வீடுகளுக்குள் புகுந்ததே, அதுமாதிரி நனைந்த டிஸ்க்கைக் காய வைக்காமல், ஆன் செய்யாமல், ஈரத்தோடு கவரில் மூடி டேட்டா ரெக்கவரிக்காரரிடம் கொடுக்க வேண்டும். மாமாவுக்குத் தெரிந்த வைத்தியம் மொட்டை மாடி வெயில், வடாமுக்குப் பக்கத்தில். இதையெல்லாம் மறுக்கவில்லை. கவனித்தால், கை பழக்கத்தில் வேலை செய்த இடங்களில் டிஸ்க் பிழைத்தது; காரணம் யோசித்து வேலை செய்த இடங்களில்தான் போனது. 'பயாஸில் பேர் வருகிறதா' என்று முதலில் கேட்டிருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்திருக்கும். வந்தால் ஸ்க்ரூ டிரைவருக்குப் பெரும்பாலும் வேலையில்லை, வராவிட்டால் கேபிளில் ஆரம்பிக்கலாம். மாமா அதைக் கேட்க மாட்டார். கேட்டால் டிகாஷன் இறங்குவதற்குள் விஷயம் முடிந்துவிடும்.

புது லேப்டாப்புகள்தான் அவரை உண்மையாகச் சோதிக்கின்றன. இன்டெல் 11-ஆம் தலைமுறைக்குப் பிறகு வந்த பலவற்றில், விண்டோஸை இன்ஸ்டால் செய்யப் போனால் ஒரு டிரைவும் கண்ணில் படாது. விஎம்டி என்ற வசதி டிஸ்க்கைத் தன் பின்னால் வைத்துக்கொண்டிருக்கும். இன்டெல்லின் டிரைவரைப் பென் டிரைவில் கொடுக்க வேண்டும், அல்லது பயாஸில் விஎம்டியை அணைக்க வேண்டும். பிடுங்கக் கேபிள் இல்லை. மாமா பின்மூடியைக் கழற்றுவார், கடுகளவு ஸ்க்ரூ டபராவில் விழும், ரப்பர் போடுவார், மாட்டுவார், ஒன்றும் வராது. பிறகு "சிக்னல் இல்லே" என்று பால்கனிக்குப் போய் கலிஃபோர்னியாவில் இருக்கும் மருமானிடம் தாழ்ந்த குரலில் பேசிவிட்டு வந்து, பயாஸைத் திறந்து ஒரு வரியை மாற்றுவார். டிரைவ் பேரோடு வந்து நிற்கும். "என்னவாம்?" என்று வீட்டுக்கார மாமி கேட்டால் பதில் தயாராக இருக்கும்: "ரப்பர் போட்டேனே, அதான். போட்ட உடனே வராது மாமி, கொஞ்ச நாழி ஆகும்."