ஒகேனக்கல் என்று ஓர் ஊர் இல்லை

பொதுமக்களின் மேலான கவனத்துக்கு: பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் என்று ஓர் அருவி இருப்பதாக இத்தனை காலம் நம்மை நம்பவைத்திருக்கிறார்கள். அப்படி ஒன்று இல்லை. ஆதாரம் கைவசம் இருக்கிறது.

அங்கே ஓர் இடத்துக்கு 'சினி ஃபால்ஸ்' என்றே பெயர். படப்பிடிப்புக்குப் போட்ட செட் என்று அவர்களே ஒப்புக்கொண்ட பிறகும் நாம் துண்டைக் கட்டிக்கொண்டு குளித்தோம். அடுத்து பரிசல். மூங்கிலைப் பின்னிய வட்டக் கூடை. முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று அதற்கே தெரியாது. அதில் ஆட்களை ஏற்றி ஒற்றைத் துடுப்பால் காவிரியைக் கடக்கிறார்களாம். நடக்கிற காரியமா? இயற்பியல் தெரிந்த யாரையாவது கேளுங்கள். (என்னைக் கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது, நிபுணராக அது தேவையும் இல்லை.) ஒகேனக்கல்லில் எடுத்த எந்தக் குடும்பப் படத்தையும் பாருங்கள், வானத்தில் ஒரு நட்சத்திரம்கூட இருக்காது. கேட்டால், பகலில் எடுத்த படம் என்று சப்பைக்கட்டு. போதாக்குறைக்குத் தண்ணீர் கொஞ்சம் கூடினால் மாவட்ட நிர்வாகம் குளிக்கத் தடை, பரிசலுக்குத் தடை என்று ஓடிவருகிறது. எதை மறைக்க?

எனக்குப் பைத்தியம் என்று நினைக்கிறீர்களா? நன்றி. ஆனால் இதே தரத்து ஆதாரங்களோடு, மனிதன் நிலவில் கால் வைக்கவே இல்லை என்று ஒருவர் பத்து நிமிட வீடியோ போட்டால் மட்டும், ஆற்றங்கரையில் எண்ணெய் மசாஜுக்குத் தலையைக் கொடுத்தபடி, ஈரக் கையில் போனைப் பிடித்து, "பாருங்க சார், உலகத்தையே எப்படி ஏமாத்தியிருக்கான்" என்று பக்கத்துக் கல்லில் இருப்பவருக்குக் காட்டுகிறீர்களே!

ஆகஸ்ட் இதற்கு சீசன். 2023 ஆகஸ்ட் 23 அன்று நம் இஸ்ரோவின் விக்ரம் கலம் நிலவின் தென்துருவப் பக்கம் இறங்கியது. அந்த நாள் இப்போது தேசிய விண்வெளி தினம். 2012 ஆகஸ்ட் 25 அன்று நீல் ஆம்ஸ்ட்ராங் இறந்தார். இரண்டு நாள் இடைவெளியில் ஒரே போனிலிருந்து இரண்டு செய்திகள் வரும். முதலாவது, நிலவில் இறங்கிய இந்தியன் என்று மார்தட்டல். இரண்டாவது, நிலவில் யாருமே இறங்கவில்லை என்ற ஞானம். அனுப்புகிறவருக்கு இரண்டும் இடிப்பதில்லை.

இறந்த அந்த மனிதர் யார் என்று அந்தக் கையாவது ஒரு முறை தேடியிருக்குமா? கொரியப் போரில் விமானம் ஓட்டியவர். 1966 மார்ச்சில் ஜெமினி-8 கலம் விநாடிக்கு ஒரு சுற்று என்கிற வேகத்தில் தாறுமாறாகச் சுழன்றபோது, நினைவு தப்புவதற்குள் அதை அடக்கிப் பூமிக்குக் கொண்டுவந்தவர். 1968 மே 6 அன்று, நிலவில் இறங்கப் பழகுவதற்கான பறக்கும் எந்திரம் ஹூஸ்டனில் நிலைகுலைந்தது. கடைசி நொடியில் இருக்கையோடு வெளியே வீசப்பட்டுப் பாராசூட்டில் இறங்கினார். எந்திரம் விழுந்து எரிந்தது. அன்றைக்கே அவர் தன் மேசையில் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு சக வீரர் ஆலன் பீன் திகைத்துப்போனார். ஸ்டுடியோவில் நடிக்கப்போகிறவரை எதற்கய்யா நெருப்பில் தள்ளிப் பழக்கவேண்டும்? 1967 ஜனவரி 27 அன்று அப்பல்லோ-1 ஒத்திகையில் கிரிஸம், ஒயிட், சாஃபி என்று மூன்று பேர் மூடிய கலத்துக்குள் தீயில் மாண்டார்களே, அந்தக் காட்சிக்கு எத்தனை டேக் எடுத்தார்கள்?

நிலவிலிருந்து திரும்பிய ஆம்ஸ்ட்ராங் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் பொறியியல் பாடம் எடுத்தார். தன் கையெழுத்தை வாங்கி விற்றுக் காசாக்குகிறார்கள் என்று தெரிந்ததும் கையெழுத்துப் போடுவதையே நிறுத்திவிட்டார். அவருடைய நிலவுப் பயணத்தைப் பொய் என்று சொல்லிக் காசாக்குகிறவர்களுக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. கூட இறங்கிய பஸ் ஆல்ட்ரின் அவ்வளவு சாது இல்லை. 2002-ல் ஒருவர் கேமராவோடு வழிமறித்துக் கோழை, பொய்யன், திருடன் என்று முகத்துக்கு நேரே ஏச, 72 வயதுக் கிழவர் தாடையில் ஒரு குத்து விட்டார். வழக்குப் பதிய அரசுத் தரப்பு மறுத்துவிட்டது. வன்முறை தவறுதான். அந்த வீடியோவை நான் பலமுறை பார்த்திருக்கிறேன் என்பது வேறு விஷயம்.

நிலவுக்கே போகவில்லை என்ற இந்தக் கதையை 1976-ல் புத்தகமாகப் போட்டுக் கடைவிரித்தவர் பில் கேசிங் என்ற அமெரிக்கர். கொடி ஆடுகிறதே என்பார்கள். துவண்டு விழாமலிருக்க மேலே குறுக்குக் கம்பி கோத்திருந்தார்கள், நட்டவர் கை பட்டு ஆடியது. நட்சத்திரம் எங்கே என்பார்கள். வெயிலில் மின்னும் தரைக்கு அளவுவைத்த கேமராவில் மங்கல் வெளிச்சம் பதியாது. ஐம்பது வருடமாகப் பதில் இருக்கிறது. பதில் யாருக்கு வேண்டும்?

பதில் பிடிக்காதவர்களுக்கு ஒகேனக்கல்காரன் ஒருவன் ஒரு சாட்சி சொல்லமுடியும். கர்நாடகத்திலிருந்து வரும் காவிரியை நமக்கு மேலே பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையம் அளக்கிறது. வருடத்துக்கு 177.25 டிஎம்சி என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன கணக்கு அங்கேதான் சரிபார்க்கப்படுகிறது. வராத தண்ணீரை வந்ததாகக் கர்நாடகம் சொன்னால் தமிழ்நாடு சும்மா இருக்குமா? சாயங்காலத்துக்குள் மறியல் ஆரம்பித்துவிடும். அன்று அமெரிக்காவுக்கு அப்படி ஓர் அண்டை மாநிலமாக இருந்தது சோவியத் ஒன்றியம். ஆம்ஸ்ட்ராங் நிலவில் நின்ற அதே நேரத்தில் அவர்களுடைய லூனா-15 என்ற ஆளில்லாக் கலம் நிலவைச் சுற்றிக்கொண்டிருந்தது. 1969 ஜூலை 21 அன்று, அமெரிக்கர்கள் கிளம்புவதற்கு முன்பே, அது நிலவில் மோதி நொறுங்கியது. பந்தயத்தில் தோற்ற வயிற்றெரிச்சலோடு ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த எதிரி, "அங்கே யாரும் இல்லை" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. மாஸ்கோவுக்குத் தெரியாதது மசாஜ் கல்லில் படுத்திருப்பவருக்குத் தெரிந்துவிட்டது.

நம் பக்கம் இருக்கும் இன்னொரு மாவட்டத்தையும் சேர்த்துக்கொள்கிறேன். நாமக்கல் மாவட்டத்தில் சித்தம்பூண்டி, குன்னமலை பகுதியில் கிடைக்கும் அனார்த்தசைட் பாறை நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்தது. அதைப் பொடித்த மண்ணில்தான் இஸ்ரோ தன் தரையிறங்கு கலத்தையும் உலாவியையும் ஓட்டிப் பழகியது. பெருமைப்படவேண்டிய செய்தி. நம் நிபுணர்கள் கையில் கிடைத்தால், "நாமக்கல்லிலேயே இறங்கிவிட்டு நிலா என்று ஏமாற்றினார்கள்" என்று ஆகிவிடும். அப்படி ஏமாற்றுகிற கூட்டம் 2019 செப்டம்பரில் முதல் விக்ரம் விழுந்து நொறுங்கியதாக எதற்குக் கதை எழுதியது என்று கேட்காதீர்கள். இஸ்ரோ தலைவர் தேம்பி அழுததும் திரைக்கதையில் சேர்த்தி.

உண்மையான சந்தேகம் எப்படி இருக்கும் என்பதற்கும் அந்த விக்ரமே சாட்சி. கலம் எங்கே விழுந்தது என்று தெரியாமல் தவித்தபோது, நாசா பொதுவில் போட்டிருந்த நிலவுப் படங்களை எடுத்து, விழுவதற்கு முன் எடுத்ததையும் பின் எடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, புள்ளி புள்ளியாகத் தேடினார் சென்னையில் வேலை பார்த்த பொறியாளர் சண்முக சுப்பிரமணியன். முன்பு இல்லாத ஒரு வெள்ளைப் புள்ளியைக் கண்டு நாசாவுக்கு எழுதினார். அவர்கள் சரிபார்த்து, 2019 டிசம்பரில் அவர் பெயரைச் சொல்லியே அறிவித்தார்கள். அவரும் அதிகாரிகளின் வாய்வார்த்தையை நம்பி உட்காரவில்லைதான். ஆனால் உட்கார்ந்து உழைத்தார். உழைக்காமல் சந்தேகப்படுவது சோம்பேறித்தனம். அதற்கு லைக் வேறு கேட்கிறார்கள்.

இதில் வயிறு எரிகிற பகுதி இனிமேல்தான் வருகிறது. நாசா நிலவுக்குப் போனது என்றால் பொய். திருநள்ளாறு கோயிலுக்கு மேலே வரும்போது செயற்கைக்கோள் மூன்று விநாடி ஸ்தம்பித்து நின்றுவிடுகிறது, நாசா விஞ்ஞானிகளே வந்து கும்பிட்டுப் போனார்கள் என்றால் அது மெய். விநாடிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேல் ஓடும் கோள் நின்றால் தலையில்தான் விழும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கோபுரக் கலசத்தில் இரிடியம் இருக்கிறது, அரிசியை இழுக்கும், நாசாவே கோடிக் கணக்கில் வாங்கிக்கொள்ளும் என்று ஒருவன் சொன்னால் நிலத்தை விற்றுப் பணம் கட்டுகிறார்கள். 'சதுரங்க வேட்டை' 2014-லேயே அதைப் படமாகக் காட்டியது. பார்த்துக் கைதட்டிவிட்டு வந்து மறுபடி ஏமாந்தார்கள், இன்னும் கைது நடந்துகொண்டிருக்கிறது. ஆக, நம் மேதைகளுக்கு நாசாமேல் கோபம் ஒன்றுமில்லை. அது உழைத்துச் சாதித்தால் நம்பமாட்டார்கள், அதன் பெயரில் எவனாவது திருடினால் நம்புவார்கள்.

இந்தத் தருமபுரி மாவட்டத்திலேயே, ஒதுக்குப்புற வீட்டில் கையடக்க ஸ்கேன் கருவியோடு உட்கார்ந்து, வயிற்றில் இருப்பது பெண் என்று சொல்லிப் பணம் வாங்கிய கும்பல்களைப் போலீஸ் பிடித்திருக்கிறது. 1994-ம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். அந்தத் திரையில் தெரிந்த கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்து, "இது செட்டிங்கா?" என்று ஒருவர் கேட்டதுண்டா? சொல்கிறவன் டாக்டரா, எதுவரை படித்தவன் என்று கேட்டதுண்டா? ஆம்ஸ்ட்ராங்கின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று துருவித் துருவிப் பார்த்த கண், அங்கே மட்டும் பொத்திக்கொண்டது. பெண் என்றதும் போய்க் கலைத்துவிட்டு வந்தார்கள். நம் பகுத்தறிவு 3,84,000 கிலோமீட்டருக்கு அப்பால் மட்டும் வேலை செய்கிறது. பக்கத்து வீட்டுக்கு அதற்கு சிக்னல் இல்லை.

ஒகேனக்கல்லிலிருந்து அதிக தூரமில்லை, இதே பென்னாகரம் தொகுதியில் கோட்டூர் மலை இருக்கிறது. வண்டிப் பாதை இல்லாததால் தேர்தலுக்குத் தேர்தல் வாக்குப்பதிவு எந்திரங்கள் கழுதை முதுகில் மலையேறியிருக்கின்றன. 2021 சட்டமன்றத் தேர்தலுக்கும் அப்படித்தான். அதே 2021-ல் சந்திரயான்-2, ஆம்ஸ்ட்ராங் விட்டுவந்த கலத்தின் அடிப்பாகம் அங்கேயே கிடப்பதை நிலவைச் சுற்றியபடி படம் எடுத்தது. நம் நாட்டுக் கேமரா, நம் காசு. அதையும் நம்பமாட்டீர்கள், சரி. சுதந்திரம் வந்து இத்தனை வருடம், இத்தனை கட்சி, இத்தனை வாக்குறுதி. கோட்டூருக்கு ரோடு என்று சொன்னதெல்லாம் எந்த ஸ்டுடியோவில் எடுத்தது என்று ஒரு வீடியோ போடுங்களேன். போடமாட்டீர்கள். செத்துப்போன அமெரிக்கன் வீட்டுக்கு ஆள் அனுப்பமாட்டான். ஒன்றியச் செயலாளர் அனுப்புவார்.

அப்படியும் துணிச்சல் வந்து மலையேறத் தோன்றினால், நிபுணர் அவர்களே, கழுதைக்குச் சொல்லிவைக்கிறேன். அது எந்திரம் சுமந்துதான் பழகியது, இவ்வளவு பெரிய பொய் மூட்டையைச் சுமந்ததில்லை. பார்த்து உட்காருங்கள்.