மேற்படி நபர் நான்தான்

எங்கள் வீட்டில் ஒரே வருடத்தில் இரண்டு பேர் சட்டக் கல்லூரிக்கு மனுப் போட்டோம். ஒருத்தி என் அண்ணன் மகள், பிளஸ் டூ மாணவி. இன்னொரு ஆள் நான். என் வயதைக் கேட்காதீர்கள். காப்பீட்டு நிறுவனத்தில் வி.ஆர்.எஸ். வாங்கியவன் என்று மட்டும் சொல்லி வைக்கிறேன். ஓய்வு பெற்றவர்களுக்கென்று மதுரையில் சில வேலைகள் உண்டு. காலையில் ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் நடை, மத்தியானம் பேங்கில் பாஸ்புக் என்ட்ரி, சாயங்காலம் கோயில் கமிட்டி. இதையெல்லாம் விட்டுவிட்டு எல்.எல்.பி. என்று நான் வாயைத் திறந்ததும் சமையலறையில் மிக்ஸி நின்றது.

"இந்த வயசுல சேத்துக்குவாங்களா?" என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். எதற்குப் படிக்கிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. நம் ஊரில் படிப்புக்குக் காரணம் வேண்டாம், வயது மட்டும் வேண்டும். இந்திய பார் கவுன்சிலும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தது. 2008-ஆம் ஆண்டு விதிகளில் ஐந்தாண்டுப் படிப்புக்கு 20 வயது, மூன்றாண்டுப் படிப்புக்கு 30 வயது என்று உச்சவரம்பு வைத்திருந்தார்கள். அதை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போனவர்கள் பலர். 2017-இல் உச்ச நீதிமன்றம் அந்த வரம்புக்குத் தடை போட்டது. ஆக, நான் மனுப் போட முடிந்ததே முகம் தெரியாத யாரோ போட்ட வழக்குகளின் புண்ணியத்தில்தான். அவர்கள் ஆயுசோடு நன்றாக இருக்கட்டும்.

அண்ணன் மகளின் பாதை வேறு. அவளுக்குத் தேசிய சட்டப் பல்கலைக்கழகம்தான் வேண்டும். அதற்கு கிளாட் என்ற நுழைவுத் தேர்வை எழுத வேண்டும். இரண்டு மணி நேரம், 120 கேள்விகள், தப்பான பதிலுக்குக் கால் மார்க் போய்விடும். மனுப் போடவே பொதுப் பிரிவுக்கு 4000 ரூபாய். அவள் படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். சட்டப் பகுதியில் ஒரு பத்தி கொடுத்து, அதில் ஒரு விதியைச் சொல்லி, ஒரு சம்பவத்தைச் சொல்லி, யார் பொறுப்பு என்று கேட்கிறார்கள். நான் உற்சாகமாகப் பதில் சொன்னேன்.

"தப்பு சித்தப்பா. பத்தியில என்ன விதி குடுத்திருக்கோ அதை மட்டும்தான் பாக்கணும். உங்க சொந்த அறிவை உள்ள கொண்டுவரக் கூடாது."

இருபத்தைந்து வருடம் ஆபீசில் நான் கடைப்பிடித்த கொள்கை இது. இதற்கு மார்க் தருகிற தேர்வு ஒன்று இருப்பது தெரியாமல் போயிற்றே.

எனக்கு அந்த வாய்ப்பு இல்லை. தமிழ்நாட்டில் மூன்றாண்டு எல்.எல்.பி.க்கு நுழைவுத் தேர்வு கிடையாது. டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் விண்ணப்பங்களை வாங்கி, டிகிரி மார்க்கை வைத்து ரேங்க் போடும். 69 சதவீத இட ஒதுக்கீட்டின்படி இடங்களைப் பிரிக்கும். கேட்க நல்ல ஏற்பாடாகத்தான் இருக்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். சீட் கேட்பது நான். மார்க் வாங்கியது இருபது வயதில் பி.எஸ்சி. வேதியியல் படித்த ஒரு பையன். ரஜினி படம் வந்தால் பிராக்டிகலுக்குப் போகாத பையன் அவன். முப்பது வருடம் கழித்து என் எதிர்காலம் அவன் கையில் போய் மாட்டிக்கொண்டது.

பீரோவிலிருந்து அவனுடைய மார்க் ஷீட்டை எடுத்தது என் மனைவி. அவள் பள்ளி ஆசிரியை. கல்யாணமான நாளிலிருந்து இந்தக் காகிதம் அவள் கண்ணில் படாமல் நான் காப்பாற்றி வந்திருந்தேன். சிவப்புப் பேனா கையில் இல்லாத குறைதான், வரிவரியாகப் படித்தாள்.

"என்னங்க, அலைடு மேத்ஸ்ல நாப்பத்தொண்ணா?"

"அந்த வருஷம் பேப்பர் கஷ்டம்."

"பையனுக்கு நீங்க கணக்கு சொல்லிக்குடுத்தப்பவே எனக்குச் சந்தேகம்."

மொத்தத்தில் 58 சதவீதம். பொதுப் பிரிவுக்குக் குறைந்தபட்சம் 45, எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 40 என்பதால் தகுதிக்குப் பழுதில்லை. ஆனால் ரேங்க் பட்டியலில் என்னோடு போட்டி போடுவது யார்? இன்டர்னல் மார்க், செமஸ்டர், அசைன்மென்ட் என்று எண்பத்தைந்தும் தொண்ணூறும் வாங்கி வந்திருக்கிற இன்றைய பிள்ளைகள். எங்கள் காலத்தில் அறுபது வாங்கினால் முதல் வகுப்பு என்று தெருவுக்கே மிட்டாய் கொடுப்போம். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

மார்க்கை விடப் பெரிய சிக்கல் பெயரில் வந்தது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் எனக்கு ஆங்கிலத்தில் இரண்டு 'கே' போட்ட முத்துக்குமார். டிகிரியில் ஒரு 'கே'. ஆதாரில் இனிஷியல் விரிந்து, அப்பா பெயர் பின்னால் வந்து, முத்துகுமார் மாரியப்பன். ஆக மூன்று பேர். பிரவுசிங் சென்டர் தம்பி விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டே, "சார், வெரிஃபிகேஷன்ல நிறுத்திருவாங்க. ஒரு அஃபிடவிட் வாங்கி வச்சுக்கங்க," என்றான். சொன்ன கையோடு என் போட்டோவை 50 கே.பி.க்குள் அடக்கக் கிளம்பினான். முதலில் காதை இழந்தேன், அப்புறம் மூக்கு மங்கியது. கடைசியில் மேலே ஏறிய முகம் யாருடையது என்று இன்றுவரை தெரியாது. நான்காவது ஆளாக இருக்கலாம்.

கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு டி.டி.பி. கடை. அங்கே நோட்டரி பப்ளிக் ஒருவர் முத்திரையும் இங்க் பேடுமாக உட்கார்ந்திருந்தார்.

"சார், இந்த மூணு பேரும் நான்தான்னு ஒரு அஃபிடவிட் வேணும்."

அவர் நிமிரவேயில்லை. "எதுக்கு? பாஸ்போர்ட்டா, பென்ஷனா?"

"லா காலேஜ்ல சேர."

"பையனுக்கா?"

"எனக்குத்தான்."

இப்போது கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். நிதானமாக யோசித்துவிட்டு, "அப்ப மூணு வருஷத்துல நமக்குப் போட்டியா வந்து நிப்பீங்க. ஃபீஸ்ல ஒண்ணும் குறைக்கிறதுக்கில்ல," என்றார்.

டைப் அடிக்கிற பெண்ணிடம் ஏற்கெனவே ஒரு மாதிரி இருந்தது. கம்ப்யூட்டரில் யாருடைய அஃபிடவிட்டையோ திறந்து, என் பெயரை ஏற்றி, பத்திரத்தாளில் அடிக்கும் முன்னால் சரிபார்க்க ஒரு வெள்ளைத்தாளில் எடுத்துக் கொடுத்தாள். படித்தேன். அதில் நான் காலஞ்சென்ற ஒருவரின் மனைவியாக இருந்தேன். எனக்கு மணமான இரண்டு பெண்கள்.

"இத மாத்தணுமேம்மா."

"மாத்திரலாம் சார்," என்று இரண்டு பட்டனைத் தட்டினாள். என் கணவரும் பெண்களும் ஒரு நொடியில் மறைந்தார்கள். முத்திரை விழுந்தது. மேற்கண்ட மூன்று பெயர்களும் ஒரே நபரையே குறிக்கும், அந்த நபர் நான்தான் என்று சத்தியப் பிரமாணமாகச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். எந்தக் கையெழுத்தைப் போடுவது என்பதில் மட்டும் கொஞ்சம் தயக்கம் இருந்தது.

ஒன்றைச் சொல்கிறவன்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்பது சாட்சியச் சட்டத்தின் அடிப்படை என்று பிற்பாடு வகுப்பில் நடத்தினார்கள். நான் அதை அட்மிஷனுக்கு முன்பே, கைக்காசு போட்டுப் படித்திருந்தேன்.

இவ்வளவு அலைச்சல் எதற்கு என்று ஒரு புரோக்கர் போன் செய்தார். நம்பர் எப்படிக் கிடைத்ததோ. பக்கத்து மாநிலத்தில் கல்லூரியாம், வகுப்புக்குப் போக வேண்டாமாம், பரீட்சைக்கு வந்தால் போதுமாம், அதற்கும் முடியாவிட்டால் "பேசிக்கலாம் சார்". பார் கவுன்சில் விதிப்படி ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீதம் வருகை வேண்டுமே என்றேன். "வருகை உண்டு சார். நீங்கதான் வர வேண்டாம்," என்றார். இவ்வளவு தெளிவான சட்ட விளக்கத்தை அதற்குப் பிறகு நான் எங்கும் கேட்கவில்லை.

இதெல்லாம் என்ன பிரமாதம், காந்தி காலத்தைப் பாருங்கள். லண்டனில் அவர் பாரிஸ்டருக்குப் படித்தபோது பரீட்சை தேறினால் மட்டும் போதாது. குறிப்பிட்ட எண்ணிக்கையில் விருந்துகளுக்கும் போயிருக்க வேண்டும் என்பது விதி. நாலு பேருக்கு ஒரு மேசை, மேசைக்கு இரண்டு பாட்டில் ஒயின். காந்தி குடிக்க மாட்டார் என்பதால் அவரைத் தங்கள் மேசைக்கு இழுக்கப் பலத்த போட்டி இருந்ததாக அவரே 'சத்திய சோதனை'யில் எழுதியிருக்கிறார். 1891-இல் அவர் பாரிஸ்டர் ஆனார். அதே வருடம்தான் மெட்ராஸ் சட்டக் கல்லூரியும் தொடங்கியது. இங்கே விருந்து முறையைக் கொண்டுவராமல் விட்டது நமக்குப் பெரிய நஷ்டம். வருகைப் பதிவு பிரச்சினையே வந்திருக்காது.

விண்ணப்பம் போட்ட செய்தி தெருவில் பரவியது. எதிர்வீட்டுப் பெரியவர், அந்தக் காலத்து வக்கீல் குமாஸ்தா, ஒரு தடித்த இந்திய தண்டனைச் சட்டப் புத்தகத்தைக் கொண்டுவந்து ஆசீர்வாதம் மாதிரி கையில் வைத்தார். "இத மனப்பாடம் பண்ணிருங்க தம்பி, போதும்." 1860-ஆம் ஆண்டுச் சட்டம். 2024 ஜூலை 1-ஆம் தேதி அது போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது? கொலைக்கு 302 போய் 103 ஆகிவிட்டது. மோசடிக்கு 420 போய் 318. இதில் எனக்குத் தனிப்பட்ட வருத்தம் உண்டு. ஒருத்தனைப் பார்த்து "நீ சரியான 318" என்று திட்டினால், பஸ் நம்பர் என்றல்லவா நினைப்பான்?

உறவினர்கள் ரேங்க் பட்டியலுக்காகக் காத்திருக்கவில்லை. மனு போட்ட மாதமே மேலூரிலிருந்து பெரியப்பா மகன் பட்டாவும் பத்திரமுமாக ஒரு மஞ்சள் பையோடு வந்து இறங்கினான். பங்காளி வரப்பை ஒரு முழம் தள்ளிப் போட்டுவிட்டானாம். "எனக்கு இன்னும் சீட்டே கிடைக்கலடா" என்றால், "கிடைக்காட்டி அதுக்கும் சேத்து கேஸ் போட்ருவோம்ணே" என்கிறான். அவன் பேச்சைக் கேட்டால் அவன்தான் விண்ணப்பித்திருக்க வேண்டும் என்று தோன்றியது.

பட்டியல் வந்தது. வேதியியல் பையன் முதல் சுற்றில் கைவிட்டான். அடுத்த சுற்றில் கட்-ஆஃப் இறங்கி, ஒரு பஸ் தூரத்தில் அரசு சட்டக் கல்லூரி ஒன்றில் இடம் கிடைத்தது. அண்ணன் மகளுக்கு வடகிழக்கில் ஒரு தேசிய சட்டப் பல்கலைக்கழகம். இரண்டு நாள் ரயில், லட்சக்கணக்கில் கட்டணம். என் கட்டணத்தைக் கேட்டுவிட்டு அண்ணன் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

சான்றிதழ் சரிபார்ப்பில் என் அஃபிடவிட்டை எடுத்து நீட்டினேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்காமல், "டி.சி. ஒரிஜினல் இருக்கா?" என்றார். இருந்தது. நகர்ந்தேன்.

இப்போது முதல் வருடம். மூன்று வருடம் முடிய வேண்டும், பார் கவுன்சிலில் பதிய வேண்டும், அகில இந்திய பார் தேர்வில் தேற வேண்டும். அதன் பிறகுதான் கறுப்புக் கோட்டு. எனவே சொந்தபந்தங்களுக்கு ஒரு வேண்டுகோள்: 70 சதவீதம் வருகை வேண்டியிருப்பதால், வரப்பு, வாய்க்கால், வாடகைப் பாக்கி சம்பந்தமாக வருகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் வரவும். வரும்போது நல்ல வக்கீல் யாரையாவது கூட்டி வரவும்.