காகிதத்தில் ஏறாத கல்லூரிச் செய்திகள்

இராயபுரத்துக்காரர்களாகிய எங்களுக்குப் பெருமை பேசுவதற்குப் பொருள் குறைவில்லை. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ஆம் ஆண்டு எங்கள் பேட்டையிலிருந்துதான் புறப்பட்டது என்பதை, ஊருக்குப் புதிதாக வருகிறவர் மூட்டையை இறக்கி வைப்பதற்கு முன்பே அவர் காதில் போட்டுவிடுவோம். ஆனால் பேச்சு சற்றே நீண்டால், அந்தப் பெருமை மெல்ல மெல்ல மனத்தாங்கலாகத் திரிந்து, எல்லாம் இங்கேதான் தொடங்கிற்று, எல்லாம் தெற்கே போய்விட்டது என்ற இடத்தில் வந்து நிற்கும். தெற்கே போனவற்றின் ஜாபிதாவில் முதலிடம் பெறுவது சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி.

1837-இல் ஜான் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆர்மேனியன் தெருவில் ஏற்று நடத்திய சிறு பள்ளிக்கூடம், வில்லியம் மில்லர் காலத்தில் எஸ்பிளனேடில் பெருங்கல்லூரியாக ஓங்கி, 1877-இல் இன்றைய பெயரைப் பெற்றது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பழையது சாப்பிட்டுவிட்டு நடந்தே போய், நடந்தே திரும்பி, நடந்தே பி.ஏ. ஆனார்கள். அப்படிப்பட்ட ஸ்தாபனம் 1937-இல் சுமார் 18 மைல் தள்ளித் தாம்பரத்துக்குக் குடிபோயிற்று. கடைவீதி நெரிசலில் மூச்சுவிட இடமில்லை, ஆசிரியரும் மாணாக்கரும் ஓரிடத்தில் தங்கி வாழும் கல்லூரி வேண்டும் என்பன நியாயமான காரணங்கள்தாம். புதர்க்காடாகக் கிடந்த நிலத்தில் ரசாயனப் பேராசிரியர் எட்வர்டு பார்ன்ஸும் அவர் மனைவியாரும் மரம் மரமாக நட்டு அதைச் சோலையாக்கினார்கள் என்பதும் மெய்தான். ஆயினும் எங்கள் தெருப் பெரியவர்கள், சொல்லிக்கொள்ளாமல் வீடு மாற்றிக்கொண்டு போன சம்பந்தி வீட்டாரைப் பற்றிப் பேசும் தொனியில்தான் அக்கல்லூரியைப் பற்றிக் கடைசிவரை பேசினார்கள்.

என் அக்காள் மகனுக்கு அங்கே இடம் கிடைத்து, அவன் சேலையூர் ஹாலில் தங்கிப் படிக்கப் போனபோது, அறுந்த உறவு மீண்டும் துளிர்த்தது. சனிக்கிழமைதோறும் அழுக்குத் துணி மூட்டையோடும் அதைவிடப் பெரிய செய்தி மூட்டையோடும் அவன் வந்து சேருவான். ஊருக்கு வெளியே, மரங்களுக்கு நடுவே, சில நூறு வாலிபர்கள் ஒன்றாகச் சேர்ந்து உண்டு உறங்கும் இடத்தில் பெரிதாக எதுவும் நடப்பதில்லை. ஆகையால் நடப்பதெல்லாம் பெரிதாகிவிடுகிறது. சாரைப்பாம்பு குளியலறைக்குள் விஜயம் செய்தது. தமிழாசிரியர் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்ததால் கடைசி வரிசையிலிருந்த சீட்டுக்கட்டு இடம் பெயர்ந்தது. தாவரவியல் மாணவன் ஒருவன் ஆங்கில இலக்கிய மாணவி ஒருத்திக்குப் புளியமரத்தின் லத்தீன் பெயரை ஒரே வாரத்தில் மும்முறை விளக்கினான், மூன்று முறையும் அவள் முதன்முறை கேட்பதுபோலவே கேட்டாள். துறைமுகத்தில் கப்பல் கணக்கெழுதிக் காலம் கழிக்கும் எனக்கு இவையெல்லாம் காவியமாகவே தோன்றின.

எங்கள் ஆயாவுக்கு மட்டும் தோன்றவில்லை. சோற்றைத் தொடாத விருத்தாந்தம் எதுவும் செய்தியாகாது என்பது அவள் சித்தாந்தம். பாம்பின் பிரஸ்தாபம் உச்சத்தை எட்டும் தறுவாயில், "அத்த வுடு. சோத்துக்கு இன்னா கறி வச்சாங்க, அத்தச் சொல்லு" என்று ஒரே வாக்கியத்தில் பாம்பைக் கொன்றுவிடுவாள்.

அவன் பதில் எதுவானாலும் அவளுக்குத் திருப்தி உண்டாவதில்லை. எனவே ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் காசிமேட்டு ஏலத்துக்கு ஆள் போகும். வஞ்சிரத் துண்டுகளில் மிளகாயும் மஞ்சளும் பூசி ஊறவைத்து, கல்லில் நிதானமாக இருபுறமும் சிவக்க வறுத்து, நாலடுக்குத் தூக்கின் அடியடுக்கில் வாழையிலைக் கிழிசல் விரித்து, துண்டோடு துண்டு ஒட்டாதபடி நடுவிலும் இலை கொடுத்து அடுக்கி, மேலே கம்பியை மாட்டி, அக்கம்பி வழியில் தளராதிருக்க ஒரு துணிக்கிழிசலால் கட்டியும் கொடுப்பாள். பீச் ஸ்டேஷனில் அத்தூக்கு ரயிலேறினால், கோட்டை தாண்டுவதற்குள் எதிர்ப்பலகையில் இருப்பவர் பத்திரிகையை மடித்துவிடுவார். எழும்பூரில் ஏறுகிறவர் வேறு இடம் காலியாக இருந்தும் இவன் பக்கத்திலேயே அமருவார். தாம்பரத்தில் இவன் இறங்கி ஹால் வாசலை மிதிக்கும்போது, அதுவரை இவனோடு பேச்சுவார்த்தை இல்லாதிருந்த விரோதிகள்கூடத் தட்டோடு நிற்பார்களாம். ஒருவரும் எழுதாமல், அச்சிடாமல், ஒலிபெருக்கியும் இல்லாமல் ஒரு சமாசாரம் எவ்வளவு விரைவாகப் பரவக்கூடும் என்பதை ஆராய விரும்புகிறவர்களுக்கு இதைச் சிபாரிசு செய்கிறேன்.

என் அக்காளின் கவலை வேறு விதமானது: இவ்வளவு படித்து இவன் என்ன ஆகப்போகிறான் என்பது. அவளைத் தேற்றுவதற்காக நான் ஒரு மெய்யான உதாரணத்தை எடுத்துக்காட்டினேன். கே. எம். மாம்மன் மாப்பிள்ளை இதே கல்லூரியில் படித்தவர். 1946-இல் அவர் வந்து சேர்ந்த இடம் நம்முடைய திருவொற்றியூர். ஒரு சிறு கொட்டகையில் குழந்தைகள் ஊதும் பலூன் செய்து, பையில் போட்டுக்கொண்டு தெருத்தெருவாக விற்றார். அதே திருவொற்றியூரில் பின்னாளில் அவருடைய எம்.ஆர்.எஃப். டயர் தொழிற்சாலை எழுந்தது. கல்லூரி தெற்கே போனாலும் அதன் மாணாக்கர் வடக்கேதான் வரவேண்டியிருந்தது என்று முடித்தபோது எனக்கே என் வாதத்தின்மீது மதிப்புப் பிறந்தது. ஆயா குறுக்கிட்டாள்: "பலூன் விக்கறதுக்கா அம்மாந் தூரம் போய்ப் படிக்கணும்?" அக்காள் அன்றிரவு சாப்பிடவில்லை.

அந்த ஆண்டு முடிவில் அவன் கல்லூரி மலரைக் கொண்டுவந்தான். நானும் ஆவலோடு புரட்டினேன். பாம்பு இல்லை; கண்ணாடி இல்லை; புளியமரம் இல்லை. ஆண்டு விழா இனிதே நடந்தேறியது, தலைவர் நன்றி நவின்றார், தேசிய கீதத்துடன் கூட்டம் கலைந்தது. இப்படிப்பட்ட வாக்கியங்கள் உலகத்துக் கல்லூரி மலர்கள் அனைத்துக்கும் பொதுச்சொத்தாகையால் எந்தக் கல்லூரியையும் நான் குறை கூறவில்லை. ஆயா மாத்திரம் குழுப்படத்தைப் பூதக்கண்ணாடியால் துருவி, மூன்றாம் வரிசையில் ஓர் உயரமான பையனின் தோளுக்குப் பின்னால் பாதி நெற்றியும் ஒரு காதுமாகத் தெரிந்தவனை, குழந்தையில் காது குத்திப் புண்ணாகி ஆறிய தழும்பை வைத்து, "இவந்தான்" என்று அடையாளம் கண்டாள்.

ஆனால் அக்கல்லூரியின் சஞ்சிகை எக்காலத்திலும் இப்படிச் சாதுவாகவே இருந்துவிடவில்லை என்பதைச் சொல்லாவிட்டால் நான் நன்றி கொன்றவனாவேன். 1884 செப்டம்பரில், எஸ்பிளனேடிலிருந்து வெளிவந்த அந்தக் கிறிஸ்தவக் கல்லூரிச் சஞ்சிகை, லண்டன் வரைக்கும் கலகலக்கும்படியான ஒரு செய்தியை அச்சிட்டது. அடையாற்றில் பிரம்மஞான சபையை நடத்திவந்த ரஷ்ய மாது பிளாவட்ஸ்கி அம்மையாரின் இல்லத்தில், சுவரோடு பொருத்திய ஒரு சிறு அலமாரிக்குள் இமயமலை மகாத்மாக்களின் கடிதங்கள் தாமாகவே வந்து விழுவதாகப் பக்தர்கள் நம்பிவந்தார்கள். அவ்வீட்டு நிர்வாகத்திலிருந்து வெளியேற்றப்பட்ட கூலோம் தம்பதிகள், அம்மையாரே எழுதியவை என்று சொல்லிச் சில கடிதங்களைச் சஞ்சிகையிடம் ஒப்படைத்தார்கள். மகாத்மாக்களின் தபால் இமயத்திலிருந்து வரவில்லை, அலமாரிக்குப் பின்னால் இருந்த படுக்கையறையிலிருந்துதான் வந்தது என்பது அவற்றின் சாரம். அம்மையார் அவை போலி என்று மறுத்தார். ஆராய்வதற்கு லண்டன் சங்கம் ஒன்று ரிச்சர்டு ஹாட்ஜ்ஸன் என்பவரை அனுப்ப, அவர் 1885-இல் அம்மையாருக்குப் பாதகமாக அறிக்கை கொடுத்தார். நூறாண்டு கழித்து, 1986-இல், அதே சங்கத்தின் சஞ்சிகையிலேயே அவ்வறிக்கையைக் கண்டித்து ஒரு நிபுணர் எழுதினார். கல்லூரிச் செய்தி ஒன்று இத்தனை காலம் சூடு ஆறாமல் இருந்ததாக வேறு சரித்திரம் நான் அறியேன்.

எனக்கு இதில் பிடித்த பகுதி மகாத்மாக்களைப் பற்றியதன்று. ஐரோப்பாவிலிருந்த அம்மையார் 1884 டிசம்பரில் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியபோது, பச்சையப்பன் மண்டபத்தில் அவருக்கு மாலையிட்டு உபசாரம் நடந்தது. அதில் ஆரவாரித்துக் கலந்துகொண்டவர்களில் கிறிஸ்தவக் கல்லூரி மாணாக்கர்களும் திரளாக இருந்தார்கள்! பேராசிரியர்கள் உலகத்துக்கெல்லாம் அறிவித்த செய்தி, கூப்பிடு தூரத்தில் இருந்த தங்கள் சொந்த வகுப்பறையில் மட்டும் செல்லுபடியாகவில்லை.

"அப்பவே நம்ம பசங்க மேகஸீனைப் படிக்கல, மாமா" என்றான் மருமகன், பரம்பரை கௌரவம் காப்பாற்றப்பட்ட மகிழ்ச்சியுடன்.

இவ்வளவையும் வெற்றிலை இடித்தபடி கேட்டுக்கொண்டிருந்த ஆயா, அம்மையார் குற்றவாளியா நிரபராதியா என்ற விவகாரத்தில் சிறிதும் தலையிடவில்லை. உலக்கையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்:

"அந்த அலமாரி இன்னும் கீதா? இந்தாண்ட வச்சா அந்தாண்ட வரும்னா ஒண்ணு வாங்கினு வா. வஞ்சிரத்த அதுல வச்சுடலாம். ரயில்ல போனா ஆறிப்பூடுது."